கையில் இருந்தால்தானே விட முடியும்

தங்கச்சி,

இன்று காலை திருச்சுழி ஜெராக்ஸ் கடையில் அந்த வார்த்தையை மறுபடியும் பார்த்தேன். பெரியண்ணன் என் போனுக்கு அனுப்பியிருந்ததைக் கடைக்காரர் பிரிண்ட் போட்டுக் கொடுத்தார். தாள் இன்னும் சூடாக இருந்தது. மூன்று பக்கமும் இங்கிலீஷ். அதில் நம் அப்பா பெயரும் ஊர்ப் பெயரும் சர்வே நம்பரும் தவிர எனக்கு வேறொன்றும் விளங்காது என்பது உனக்குத் தெரியும். ஆனால் இரண்டாம் பக்கத்தின் நடுவில் அது உட்கார்ந்திருந்தது. ரிலின்குவிஷ். பார்த்தவுடன் அடையாளம் தெரிந்துவிட்டது. ஐந்து வருஷத்துக்கு முன்னால் நீ சிவப்பு மையில் சுற்றி வட்டம் போட்டுக் காட்டிய அதே வார்த்தை. பத்திரமும் அதேதான். ஓர் இடத்தில் மட்டும் மாற்றம். உன் பெயர் இருந்த இடத்தில் உன் மகள் பெயரும் மச்சான் பெயரும் இருந்தன.

கடையில் நின்றபடியே வாய்விட்டுத் திட்டினேன். யாரை என்று கேட்காதே. கடைக்காரர் பயந்துபோய், மை சரியாக விழவில்லையோ என்று இன்னொன்று போட்டுத் தரட்டுமா என்றார்.

நீ போய்ப் பத்து மாதம் ஆகிறது. நெஞ்சைப் பிடிக்கிறது என்று பாலவனத்தத்தில் ஆட்டோ ஏறியவள் விருதுநகர் ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேரவில்லை. நாற்பத்தாறு எல்லாம் ஒரு வயசா? அந்தக் கோபம் எனக்கு இன்னும் தீரவில்லை. நீ இருந்திருந்தால் இந்தத் தாளை வாங்கிப் பார்த்துவிட்டுச் சிரித்திருப்பாய். "வேற வார்த்தையே கெடைக்கலையா சின்னண்ணே இவுகளுக்கு?" என்று கேட்டிருப்பாய்.

உனக்கு இங்கிலீஷ் வந்தது பள்ளிக்கூடத்தில் இல்லை, விரலில். அருப்புக்கோட்டையில் டைப்ரைட்டிங் பழகி, அங்கேயே ஒரு வக்கீல் ஆபீஸில் உட்கார்ந்து வருஷக்கணக்கில் தட்டினாய். அர்த்தம் தெரியாமல் அடித்தால் தப்பு விழும் என்று ஒரு தடிப்பான அகராதியை வாங்கி மேஜையில் வைத்துக்கொண்டாய். அதன்பிறகு வார்த்தைகளை ஆட்களைப் பேசுவதுபோலப் பேச ஆரம்பித்துவிட்டாய். இது நல்ல குணம், இது கள்ளத்தனம், இது பெரிய இடத்து வார்த்தை, நம்மோடு பேசாது என்பாய். நான் மோட்டார் பம்பு ஸ்பேர் விற்கிறவன். எனக்கு இங்கிலீஷ் என்றால் டப்பா மேல் அச்சடித்திருப்பது மட்டும்தான். உனக்குக் கொஞ்சம் கிறுக்குப் பிடித்துவிட்டது என்று உன் மதினியிடம், அதாவது என் வீட்டுக்காரியிடம், சொல்லிச் சிரித்திருக்கிறேன்.

பரளச்சிப் பக்கம் அப்பா விட்டுப்போன மானாவாரிக் காடு கொஞ்ச காலமாகவே தரிசாகக் கிடந்தது. பெரியண்ணன் சில வருஷம் பார்த்தார், பிறகு கருவேல முள் பார்த்துக்கொண்டது. அப்போதுதான் சோலார் போடுகிறவர்கள் நிலம் கேட்டு வந்தார்கள். அவர்களுடைய வக்கீல் வடக்கே எங்கேயோ இருந்தார். அதனால் பத்திரமெல்லாம் இங்கிலீஷில் வந்தது. அப்பாவுக்கு நாம் மூன்று பேர். நீ உன் பங்கை எங்கள் இருவருக்கும் எழுதிக் கொடுத்துவிட்டால் நாங்கள் விற்றுவிடலாம் என்று ஏற்பாடு. கட்டிக்கொடுத்த பெண்ணிடம் கேட்பதற்கு என்ன இருக்கிறது என்று அண்ணன் நினைத்தார். பொய் எதற்கு, நானும் அப்படித்தான் நினைத்தேன்.

அம்மா அப்போது இருந்தாள். முதல்நாள் சாயங்காலம் அண்ணன் அவளிடம், "நாளைக்குத் திருச்சுழிக்குப் போறோம்மா, பாப்பாகிட்ட விடுதலைப் பத்திரம் வாங்கணும்" என்றார். அம்மாவுக்குக் காது கொஞ்சம் மந்தம். விடுதலை என்பது மட்டும் விழுந்திருக்கிறது. பதறிப்போய், "விடுதலையா? யாருலே உள்ள இருந்தா?" என்று கேட்டாள். நாங்கள் வயிறு வலிக்கச் சிரித்தோம். மறுநாள் இதை உன்னிடம் சொன்னபோது நீ மட்டும் சிரிக்கவில்லை. "அம்மா சரியாத்தானே கேட்டிருக்கு?" என்றாய். எனக்கு அப்போது ஒன்றும் உறைக்கவில்லை.

பத்திர ஆபீசுக்கு எதிரே பத்திரம் எழுதுகிறவரின் சின்ன அறை. நீ அரை நாள் லீவு போட்டுவிட்டு பஸ்ஸில் வந்திருந்தாய். அண்ணன் தாளை நீட்டி, "இந்தா பாப்பா, பென்சில்ல பெருக்கல் குறி போட்ட எடத்துலெல்லாம் போடு" என்றார். நீ முதல் வரியிலிருந்து படிக்க ஆரம்பித்தாய். படிக்கும்போது உன் விரல்கள் மடியில் தாமாகவே தட்டிக்கொண்டிருக்கும், அது உன் வழக்கம். இரண்டாம் பக்கத்தில் விரல் நின்றுவிட்டது.

"பெரியண்ணே, இதுல என்ன எழுதியிருக்குன்னு பாத்தீகளா?"

"வக்கீலு எழுதுனது, நமக்கென்ன? ஒனக்குப் பங்கு ஒண்ணும் இல்ல. சும்மா ஒரு கையெழுத்து. கம்பெனிக்காரவுக கேக்குறாக."

"எனக்குப் பங்கு இல்லையா?"

"பொம்பளப் பிள்ளைக்கு என்ன பங்கு? செய்ய வேண்டியதெல்லாம் செஞ்சுதானே கட்டிக் குடுத்தோம்."

நீ கைப்பையிலிருந்து சிவப்புப் பேனாவை எடுத்தாய். ஆபீஸில் தப்புத் திருத்துகிற பேனா. அந்த வார்த்தையைச் சுற்றி நிதானமாக ஒரு வட்டம் போட்டாய்.

"அப்ப இந்த வார்த்தை தப்புண்ணே. இது கையில வச்சிருக்கிறவுக விடுறதுக்கு எழுதுறது. இல்லாதவுக இதை எழுத முடியாது. எனக்குப் பங்கு இல்லேன்னா வார்த்தைய மாத்தச் சொல்லுங்க. வார்த்தை சரின்னா நீங்க இப்பச் சொன்னத மாத்துங்க. ரெண்டுல ஒண்ணு."

அண்ணனுக்கு முகம் கறுத்துவிட்டது. பத்திரம் எழுதுகிறவர் இடையில் புகுந்தார். "எல்லாரும் போடுறதுதான் தாயி. தமிழ்ல எழுதியிருந்தா, மனப்பூர்வமா விட்டுக்கொடுத்தேன்னு வரும். அம்புட்டுத்தான்."

"தமிழ்ல அதைவிட மோசம்ல சார்" என்றாய். "பிறந்ததிலருந்து விட்டுக்கொடு, விட்டுக்கொடுன்னுதான் வளத்தாக. விட்டுக்கொடுக்கிற பிள்ளைன்னு பேரும் குடுத்தாக. கடைசியில எதை விட்டோம்னு ஒருத்தரும் எழுதி வைக்கல. இந்த வெள்ளைக்காரன் வார்த்தையாச்சும், இவ கையில ஒண்ணு இருந்துச்சுன்னு சொல்லுது."

அப்போது நான் செய்ததை நீ மறந்திருந்தாலும் நான் மறக்கவில்லை. மேஜையில் கிடந்த நீலப் பேனாவை எடுத்து உன் பக்கம் நீட்டி, "போட்ரு பாப்பா, எதுக்கு வம்பு?" என்றேன். நீ என்னை ஒரு பார்வை பார்த்தாய். திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை. சிவப்புப் பேனாவை மூடிப் பைக்குள் போட்டுக்கொண்டு பஸ் ஸ்டாண்டுக்கு நடந்துவிட்டாய்.

அருப்புக்கோட்டை பஸ்ஸில் நானும் ஏறினேன். கூட்டம். எனக்குக் கிடைத்த சீட்டை உனக்குக் கொடுத்துவிட்டு நின்றுகொண்டே வந்தேன். கோபத்தை அடக்க முடியாமல், "ஒரு வார்த்தைக்காடி இம்புட்டும்?" என்று கேட்டேன்.

"சாதா வார்த்தையா இருந்தா போட்டிருப்பேன் சின்னண்ணே" என்றாய். "இது பேச்சுக்கு வராத வார்த்தை. இப்ப நீ எனக்குச் சீட்டு விட்டியே, அதுக்கு இதைச் சொல்லமாட்டாக, சொன்னாச் சிரிப்பாக. ராசா கிரீடத்த விடணும், ஆபீசரு மாத்தலாகிப் போறப்பப் பொறுப்ப விடணும், அப்பத்தான் இது வெளிய வரும். எங்க ஆபீசுல எத்தன தடவ அடிச்சிருக்கேன். அப்பேர்ப்பட்ட வார்த்தைய எனக்குப் போட்டிருக்கீக. அப்ப நான் எந்தப் பதவியில இருந்தேன்? பதவியே குடுக்காம ராஜினாமா கேக்குறீக நீங்க."

 நீ விடவில்லை.

"இன்னொண்ணும் இருக்கு. இதுல பிரியம் கிடையாது. குடுக்கிறது வேற, விடுறது வேற. பிரியமாக் குடுக்கிறதுக்கு வேற வார்த்தை இருக்கு. இது மனசில்லாம விடுறது. வெளிய பாத்தா அவுகளே விட்ட மாதிரி இருக்கும். கிட்டப் போய்ப் பாத்தா, விரலை ஒவ்வொண்ணாப் பிரிச்சிருப்பாக."

இதைச் சொல்லும்போது உன் வலது கை மூடியிருந்தது. பக்கத்துச் சீட்டுக்காரர் நம் சண்டையைக் கேட்டுக்கொண்டே தூங்குவதுபோல் வந்தார். பாலையம்பட்டி தாண்டியிருக்கும் என்று நினைக்கிறேன், இல்லை, அது மதுரை ரோடு, நான் எதையோ குழப்புகிறேன். எந்த இடமாக இருந்தால் என்ன, ஊர் வருவதற்குள் நீ முடிவு எடுத்துவிட்டாய். "முதல்ல கையில பிடிக்கிறேன்ணே. பிடிச்சுப் பாத்துட்டு, அப்புறம் விடுறதா வேண்டாமான்னு சொல்றேன்" என்றாய். இறங்கியதும் என்னைத் திரும்பிப் பார்க்காமல் பாலவனத்தம் வீட்டுக்குப் போக விருதுநகர் பஸ்ஸைப் பிடிக்க ஓடினாய்.

நீ விளையாட்டுக்குச் சொன்னாய் என்றுதான் நினைத்தேன். அந்தப் புரட்டாசியில் நீயும் மச்சானும் ஆள் வைத்துத் தென்பக்கம் மூன்றில் ஒரு பாகத்தில் மட்டும் கருவேலத்தை வெட்டி வேரைப் பிடுங்கினீர்கள். ஓர் அடி கூடவும் இல்லை, குறையவும் இல்லை. கயிறு பிடித்து அளந்தாய் என்று ஊரில் சொன்னார்கள். பெரியண்ணன், "மழை பெஞ்சாத்தானே, பண்ணித் தொலையட்டும்" என்றார். அந்த வருஷம் பார்த்து மழை வாரிக் கொடுத்தது.

தை மாதம் ஒரு லோடு இறக்கிவிட்டுப் பரளச்சி வழியாக வந்தேன். வேண்டுமென்றே அந்த வழியாக வந்தேன் என்று இப்போது ஒப்புக்கொள்கிறேன். உன் பாகம் முழுக்கக் கொத்தமல்லி பூத்து நின்றது. எங்கள் பாகத்தில் முள். நடுவில் ஒரு வரப்பு. நீ தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு களை பிடுங்கிக்கொண்டிருந்தாய். ஞாயிற்றுக்கிழமை மட்டும் விவசாயி என்று உன்னைக் கேலி செய்தேன். நீ மண் கையோடு எழுந்து வந்து, "இப்பச் சொல்லுண்ணே, இது என் கையில இருக்கா?" என்று கேட்டாய்.

"இருக்கு."

"சத்தமாச் சொல்லு."

"இருக்கு தாயி, இருக்கு!"

"இப்ப அந்த வார்த்தை எனக்குச் சரியாப் பொருந்தும். இப்பக் கொண்டாந்து கேட்டா, வார்த்தையில தப்புன்னு நான் சொல்ல முடியாது." திரும்பிக் காட்டைப் பார்த்தாய். "ஆனா இப்ப விட மனசு வரல."

நான் உன்னைப் பார்த்து முதல்முறையாகப் பொறாமைப்பட்டது அன்றைக்குத்தான். அது அப்பாவின் நிலம் என்று வாய் கிழியப் பேசிய எங்கள் இருவருக்கும் அன்று உனக்கிருந்த முகம் என்றைக்கும் வந்ததில்லை.

கம்பெனிக்காரர்கள் அப்போதைக்கு வேறு பக்கம் போய்விட்டார்கள். பெரியண்ணன் உன்னோடு பேச்சை நிறுத்தினார். அவருடைய மகள் கல்யாணத்துக்கு உனக்குப் பத்திரிகை வைக்கவில்லை. அத்தைக்காரி இல்லாமல் ஒரு கல்யாணம். மண்டபத்தில் வந்தவர்கள் எல்லாரும் அத்தை எங்கே, அத்தை எங்கே என்று என்னைப் பிடித்துக் கேட்டார்கள். நான் வாசலில் சந்தனக் கிண்ணத்தோடு நின்றுகொண்டு, "அவளுக்கு உடம்பு சரியில்ல" என்றேன். ஒருவரிடம் இல்லை, கேட்ட அத்தனை பேரிடமும் சொன்னேன். ராத்திரிக்குள் உனக்குச் செய்தி வந்துவிட்டது. மறுநாள் போன் போட்டு, "எனக்கு உடம்புக்கு என்ன சின்னண்ணே?" என்று கேட்டாய். நான் என்னென்னவோ உளறினேன். "சரி விடு, நல்ல வார்த்தையாத்தான் பாத்து எடுத்திருக்கே" என்று சொல்லி வைத்துவிட்டாய்.

விட்டுக்கொடுப்பது என்று நாம் இரண்டு விதமாகச் சொல்கிறோம். ஒரு பொருளை விட்டுக்கொடுத்தால் நல்லவன். ஓர் ஆளை நாலு பேர் முன்னால் விட்டுக்கொடுத்தால் அவனைப்போல் கேடுகெட்டவன் கிடையாது. நீ முதலாவதைச் செய்யாததற்கு ஊரே உன்னைப் பேசியது. நான் இரண்டாவதைச் செய்தேன், அதுவும் இரண்டு தடவை. ஒருத்தர்கூட என்னைக் கேட்கவில்லை. நல்ல தம்பி என்று சாப்பாட்டுப் பந்தியில் எனக்கு முன்வரிசையில் இலை போட்டார்கள். அந்தச் சாப்பாட்டை நினைத்தால் இப்போதும் எனக்கு என் மேலேயே பற்றிக்கொண்டு வருகிறது.

நீ செத்த அன்றைக்கு எல்லாருக்கும் முன்னால் ஓடி வந்து அழுதது பெரியண்ணன்தான். அதையும் சொல்ல வேண்டும். நடிப்பில்லை, நெஞ்சில் அடித்துக்கொண்டு அழுதார். ஆனால் கம்பெனிக்காரர்கள் திரும்பி வந்ததும் அதே தாளைத் தூசி தட்டி எடுத்தவரும் அவர்தான். இரண்டு பேரும் ஒரே ஆள்தான் என்பதை இந்த வயசில்தான் புரிந்துகொண்டேன்.

இன்றைக்கு நடந்ததைச் சொல்லத்தான் உட்கார்ந்தேன், எங்கெங்கோ போய்விட்டேன்.

ஜெராக்ஸ் கடையிலிருந்து அந்தத் தாளோடு பத்திரம் எழுதுகிறவரின் அறைக்குப் போனேன். பெரியண்ணன், மச்சான், உன் மகள் மூவரும் எனக்காகக் காத்திருந்தார்கள். உன் மகள் ஆஸ்பத்திரி டூட்டி முடிந்து நேரே வந்திருந்தாள், கண்ணெல்லாம் தூக்கம். மச்சான், "பிள்ளை போட்டா நானும் போடுறேன்" என்று சொல்லிவிட்டு ஒதுங்கி நின்றார். உன் மகள் தாளை வாங்கிப் படித்தாள். அவள் விரல் மடியில் தட்டவில்லை. அவள் போனில் டைப் அடிக்கிற பிள்ளை. படித்து முடித்துவிட்டு என் பக்கம் திரும்பினாள்.

"மாமா, நீங்க சொன்னாப் போடுறேன்."

தாய்மாமன் சொல்லுக்கு நம்மிடம் என்ன மதிப்பு என்று உனக்குத் தெரியும்.  பெரியண்ணன் என் தோளில் கை வைத்தார். ஒரு வார்த்தை, ஒரே வார்த்தை, 'போடு' என்று நான் சொன்னால் போதும்.

எனக்கும் அந்த நிலத்தை விற்க ஆசைதான். கடையை மெயின் ரோட்டுக்கு மாற்றலாம் என்று பல வருஷமாக மனதுக்குள் இடம் பார்த்து வைத்திருக்கிறேன். உன் பாகம் சேராவிட்டால் எங்கள் பாகமும் கம்பெனிக்காரர்களுக்கு ஆகாது. எல்லாம் தெரிந்துதான் வாயைத் திறந்தேன்.

"ஒங்கம்மா இதைக் கையில பிடிச்சிருந்தா. முள்ளு வெட்டி, மல்லி போட்டு, தன் கையில பிடிச்சிருந்தா. நான் கண்ணால பாத்தேன். இப்ப அது ஒன் கையில இருக்கு. விடுறதும் வச்சுக்கிறதும் ஒன் இஷ்டம், அதுல எவனுக்கும் பேச்சு கெடையாது, எனக்கும் கெடையாது. ஆனா என்னைக் கேட்டே பாரு, அதுக்குச் சொல்றேன். விடாத."

அவள் தாளை நான்காக மடித்து மேஜையில் வைத்தாள். "அப்ப நான் போடல பெரியமாமா" என்றாள். சத்தமாகக்கூடச் சொல்லவில்லை. மச்சான் துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டு வெளியே போய்விட்டார்.

பெரியண்ணன் என் தோளிலிருந்து கையை எடுத்தார். அறையிலிருந்து ரோடு வரைக்கும் என் பின்னாலேயே வந்தார். டீக்கடையில் நின்றவர்களெல்லாம் திரும்பிப் பார்த்தார்கள். நன்றாகப் பார்க்கட்டும் என்று நானும் நின்றேன்.

"ஒன் பங்கும் விக்காது, தெரியும்ல?"

"தெரியும்ணே."

"இனிமே என் வீட்டு வாசப்படி மிதிக்காத."

"சரிண்ணே."

"நம்ம அப்பன் தேடுன சொத்துலே அது! அவதான் ஒரு இங்கிலீசு வார்த்தையப் பிடிச்சுக்கிட்டு ஆடுனா. இப்ப நீயா? ஒனக்கு இங்கிலீசு தெரியுமாலே?"

 அவர் எதிரே நின்று பேசி எனக்குப் பழக்கமில்லை, பாப்பா. ஆனாலும் டீக்கடையில் நின்றவர்களுக்கும் கேட்கும்படிதான் சொன்னேன்.

"ஒரே ஒரு வார்த்தை தெரியும்ணே. தங்கச்சி எனக்குக் குடுத்துட்டுப் போனது. அதை நான் விடுறதா இல்ல."